காடியில் போகும்போது பெரிய மரம் தேடுகிறவர்கள் யாராவது உண்டா? துரை பங்களாவில் நிற்பது செக்கோயாவா?

லயத்துக்காரன் எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். பிறந்து வளர்ந்தது ரப்பர் தோட்டத்து லயத்தில், வேலைக்காரர்கள் குடியிருந்த வரிசை வீட்டில், இப்போது டவுனுக்கு வெளியே ஒரு தாமானில் இருக்கிறேன். முப்பது வருசம் லோரி ஓட்டிவிட்டு வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பவன். கேள்வி கொஞ்சம் கிறுக்குத்தனமாக இருக்கும். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

போன வருசம் மகள் வீட்டுக்கு இங்கிலாந்து போயிருந்தேன், ரெடிங் பக்கம். மருமகன் காடி ஓட்டும்போது அதிகம் பேசமாட்டார், ஆனால் திடீரென்று “அதோ!” என்று கத்துவார். முதல் தடவை ஏதோ மாடு குறுக்கே வந்துவிட்டது என்று நினைத்து என் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதித்தேன். பார்த்தால் மரம். வீட்டுக் கூரைகளுக்குப் பின்னால், மற்ற மரங்களின் தலைக்கு மேலே, கரும்பச்சையாக ஒரு கூம்பு. ஊருக்குள் நுழைவதற்கு முன்னாலேயே கோவில் கோபுரம் தெரியுமே, அப்படி. அதுதான் ஜயன்ட் செக்கோயாவாம், அங்கே உள்ளவர்கள் வெல்லிங்டோனியா என்கிறார்கள். போகிற வழியில் அதைத் தேடிக் கணக்கு வைப்பது அங்கே பலருக்குப் பொழுதுபோக்கு. எங்கள் காடியில் பேத்திதான் கணக்கப்பிள்ளை. தனி மரத்துக்கு ஒரு புள்ளி, தேவாலயத்து மரத்துக்கு இரண்டு, இடி விழுந்து உச்சி மொட்டையாகிப் போன மரத்துக்கு மூன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை குரோதோர்ன் பக்கத்தில் வெல்லிங்டோனியா அவென்யூ என்ற சாலைக்குக் கூட்டிப் போனார்கள். இரண்டு பக்கமும் அதே மரம், வரிசையாக, பால்மரத்து நிரை மாதிரி. பேத்தி இருபது வரைக்கும் எண்ணிவிட்டு “தாத்தா, இது கள்ள ஆட்டம்” என்று நோட்டை மூடிவிட்டாள்.

அங்கே இறங்கித் தொட்டுப் பார்த்தேன். பட்டை செம்மண் நிறம், விரலை வைத்தால் அமுங்குகிறது. “குத்துங்க மாமா” என்றார் மருமகன். குத்தினேன், வலிக்கவே இல்லை, பழைய தேங்காய்நார் மெத்தையைக் குத்தியது போல இருந்தது. பட்டையில் அங்கங்கே ஒரு முட்டையை வைக்கிற அளவுக்குக் குழி. சின்னக் குருவி ஒன்று, மரத்தில் ஒட்டி ஒட்டி ஏறுமே, அது தானே கொத்திப் பறித்த குழியாம், குளிர்கால இரவில் அதற்குள் ஒட்டிக்கொண்டு தூங்குமாம். நான் சின்ன வயதில் அம்மாவோடு பால் வெட்டுக்குப் போனவன். பட்டை என்றாலே உளி கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், வேலையை மேற்பார்க்கிற மண்டோர் ஏசுவார் என்ற பயம்தான் எனக்குத் தெரியும். இந்த மரத்தில் பட்டை மட்டும் இரண்டு அடி வரைக்கும் போகும் என்றார்கள். மண்டோருக்கு வேலையே இருந்திருக்காது.

சரி, விசயத்துக்கு வருகிறேன். ஊருக்குத் திரும்பியதிலிருந்து கண் சும்மா இருக்கவில்லை. கோலகங்சார் போகிற பழைய சாலையில் இடது பக்கம் ஒரு செம்பனைக் காடு, முன்பு அது ரப்பர் தோட்டம். உள்ளே மேட்டில் பெரிய துரை பங்களா இருந்த இடம், இப்போது பங்களா கிடையாது. அங்கே ஒரு மரம், கூம்பு மாதிரி, கரும்பச்சை, ஒரு மைலுக்கு அப்பாலிருந்தே தெரிகிறது. முப்பது வருசம் அந்த வழியாக லோரி ஓட்டியிருக்கிறேன், ஒரு நாள்கூட நிமிர்ந்து பார்த்ததில்லை. வெள்ளைக்காரன் நட்ட செக்கோயாவாக இருக்குமா? இல்லை என்றால், நம் பேராக்கில் காடியில் போகும்போது தேடிப் பார்க்கிற மாதிரி பெரிய மரம் என்ன இருக்கிறது? வீட்டுக்காரிக்கு நான் சொல்கிற எதிலும் நம்பிக்கை இல்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.


தே_தாரிக்_பார்ட்னர்:

நானும் சாலையில் மரம் பார்க்கிறவன்தான் அண்ணே. டுரியான் மரம். சீசன் நேரத்தில் மட்டும்.


நாற்றுமேடை:

அண்ணே, கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். அது செக்கோயா இல்லை. அந்த மரத்தின் சொந்த ஊர் கலிஃபோர்னியாவில் சியரா நெவாடா மலையின் மேற்குச் சரிவு, பெரும்பாலும் 1,400 மீட்டருக்கு மேலே. குளிர்காலத்தில் பனி கொட்டிக் குவியும், அது மெல்ல உருகி வேருக்கு இறங்கும், அந்தத் தண்ணீரில்தான் கோடையைத் தாண்டும். நம் ஊரில் இராத்திரியிலேயே சட்டை முதுகில் ஒட்டுகிறது, இங்கே எப்படி நூறு வருசம் நிற்கும்?

இதைப் புத்தகம் படித்துச் சொல்லவில்லை, காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். இணையத்தில் ஒருவரிடம் 30 வெள்ளிக்கு (ரிங்கிட்) இருபது விதை வாங்கினேன். ஓட்ஸ் செதில் மாதிரி மெல்லிசாக இருக்கும், ஊதினால் பறந்துவிடும். ஈரமான டிஷ்யூவில் சுற்றி, குளிர்பெட்டியில் மீனுக்கும் தயிருக்கும் நடுவில் ஒரு மாதம் வைத்தேன். மூன்று முளைத்தன. விரல் நீளம் வந்தது, ஆசை ஆசையாகப் பார்த்தேன், நாலாவது மாதம் மழைக்குப் பிறகு ஒரு வெயில் அடித்தது பாருங்கள், அடித்தண்டு அழுகி மூன்றும் ஒரே வாரத்தில் சாய்ந்தன. என் மனைவி இன்னமும் அந்தத் தயிர்க் கதையைச் சொல்லிக் காட்டுகிறாள்.

நீங்கள் படம் போடவில்லை, ஆனாலும் பந்தயம் கட்டுகிறேன், அது அரக்கேரியா. கடைக்கு வருகிறவர்கள் கிறிஸ்மஸ் மரம் என்று கேட்டு வாங்குவார்கள். நோர்ஃபோக் பைன், குக் பைன் என்று இரண்டு வகை இங்கே அதிகம், இரண்டும் பசிபிக் தீவுகளிலிருந்து வந்தவை. பார்த்ததும் பிரித்துவிடலாம். அரக்கேரியாவில் கிளைகள் தண்டைச் சுற்றித் தட்டுத் தட்டாக வரும், ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் வானம் தெரியும். செக்கோயா அடர்த்தி, கிளை முதலில் கீழே தொங்கி நுனியில் மறுபடி மேலே வளையும், யானை தும்பிக்கையைத் தூக்குவது மாதிரி. அடிமரம் வேர்ப் பக்கம் நன்றாக அகன்று இறங்கும். அப்புறம் நீங்கள் சொன்ன அந்த மெத்தைப் பட்டை. நம் ஆளைக் குத்திப் பார்க்காதீர்கள், கை வீங்கும்.

இன்னொரு வேடிக்கை. குக் பைனாக இருந்தால் சாய்ந்திருக்கிறதா பாருங்கள். 2017-இல் ஆராய்ச்சிக்காரர்கள் பல நாடுகளில் அளந்து எழுதினார்கள், இந்த மரம் எங்கே நட்டாலும் பூமத்திய ரேகைப் பக்கமாகவே சாய்கிறது, சராசரி 8 டிகிரிக்கும் மேல். ரேகையை விட்டுத் தூரம் போகப் போகச் சாய்வு கூடுமாம். நாம் ரேகைக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள், அதனால் நம்முடையது கொஞ்சம்தான் சாயும், சாய்ந்தால் தெற்கே.


சும்மா_ஒருவன்:

நம் நாட்டிலேயே சபாவில் டானம் பள்ளத்தாக்கில் 100.8 மீட்டர் மரம் நிற்கிறது, மஞ்சள் மெராந்தி, மெனாரா என்று பெயரே வைத்துவிட்டார்கள். பத்துமலை முருகன் சிலை 42.7 மீட்டர்தான், இரண்டு சிலையை அடுக்கினாலும் எட்டாது. இதை விட்டுவிட்டு எதற்கு அமெரிக்கா மரத்துக்கு ஆலவட்டம்?


நாற்றுமேடை:

@சும்மா_ஒருவன் உயரத்தில் மெனாரா பெரிய ஆள்தான், மறுக்கவில்லை. ஆனால் செக்கோயாவை உயரத்துக்காகக் கொண்டாடுவதில்லை. உயரத்தில் முதலிடம் அதன் உறவுக்காரனான கோஸ்ட் ரெட்வுட், ஹைபெரியன் என்ற மரம் 115 மீட்டருக்கும் மேல். ஜயன்ட் செக்கோயாவின் பெருமை பருமன். ஜெனரல் ஷெர்மன் என்ற மரம் 83.8 மீட்டர்தான், ஆனால் அடித்தண்டைச் சுற்றி வந்தால் 31 மீட்டர். தண்டு மட்டும் ஏறக்குறைய 1,487 கன மீட்டர். நம் ஆள் கொக்கு என்றால் அது யானை. கொக்கையும் யானையையும் நிற்க வைத்து உயரம் பார்ப்பீர்களா?


சும்மா_ஒருவன்:

சரி சரி, யானையே ஜெயிக்கட்டும். மெனாராவைக் காடியிலிருந்து பார்க்கவும் முடியாது, அதையும் ஒத்துக்கொள்கிறேன்.


பழைய_கிராணி:

தம்பி லயத்துக்காரன், பங்களா மேட்டில் அந்த மரம் நிற்பது தற்செயல் இல்லை. நான் நாலு தோட்டத்தில் கிராணி வேலை, அதாவது ஆபீசில் கணக்கு எழுதுகிற வேலை, பார்த்தவன், துரைமார் மரம் நடுவதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

வெள்ளைக்காரனுக்கு விதை என்றால் ஒரு பைத்தியம். வில்லியம் லாப் என்று ஒருவர், எக்சிட்டர் ஊரில் வீட்ச் என்ற நாற்றுப் பண்ணைக்காக நாடு நாடாகச் சுற்றிச் செடி விதை சேகரிப்பவர். 1853-இல் கலிஃபோர்னியாவில் இந்த மரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதும் விதையை மூட்டை கட்டிக்கொண்டு கப்பல் ஏறிவிட்டார். அந்த வருசக் கடைசியிலேயே லிண்ட்லி என்ற தாவர அறிஞர் வெல்லிங்டோனியா என்று பெயரும் வைத்துவிட்டார். நெப்போலியனை ஜெயித்த வெல்லிங்டன் பிரபு அதற்கு முந்தின வருசம்தான் இறந்திருந்தார். அமெரிக்காவில் கோபம் வராமல் இருக்குமா, எங்கள் மலையில் நிற்கிற மரத்துக்கு உங்கள் ஊர்த் தளபதி பெயரா என்று அவர்கள் வாஷிங்டோனியா என்று வைக்கப் பார்த்தார்கள். அறிவியலில் இரண்டு பேருமே தோற்றார்கள், ஆனால் இங்கிலாந்தில் பழைய பெயர் வாயில் ஒட்டிக்கொண்டது. அங்கே ஒவ்வொரு பணக்காரனும் மாளிகைக்கு முன்னால் ஒன்று நட்டான். பல இடத்தில் மாளிகை போய்விட்டது, மரம் போகவில்லை. உங்கள் மருமகன் காடியிலிருந்து பார்த்துக் கத்துவது அந்த மாளிகைகளின் விலாசத்தைத்தான்.

இப்போது நம் பக்கம். அதே விதைப் பைத்தியம்தான் 1876-இல் ஹென்றி விக்கம் என்பவரைக் கொண்டு பிரேசிலிலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதையை லண்டன் கியூ தாவரத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அதில் மூவாயிரம்கூட முளைக்கவில்லை. மறு வருசம் 22 கன்று சிங்கப்பூர் வந்தது, அதில் ஒன்பதைக் கோலகங்சாரில் நட்டார் ஹியூ லோ, அப்போது பேராக்கில் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்தவர். ஒன்பதில் ஒன்று இன்னும் நிற்கிறது தம்பி, மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில், வேலி போட்டுப் பலகையும் வைத்திருக்கிறார்கள். நீங்கள் முப்பது வருசம் லோரியில் தாண்டிப் போனீர்களே, அதையும் பார்த்திருக்கமாட்டீர்கள். வெல்லிங்டோனியா விதை கப்பல் ஏறியதால் எந்தக் கிராமமும் காலியாகவில்லை. இந்தக் கன்றுகளுக்குப் பின்னால் நம் தாத்தாவும் பாட்டியும் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார்கள். உங்கள் பேத்தியின் கணக்கில் அதற்கு எத்தனை புள்ளி என்று கேட்டுச் சொல்லுங்கள்.

பெரிய மரம் மட்டும் தேடாதீர்கள். செம்பனைக்குள் எது ஒட்டாமல் நிற்கிறதோ அதைத் தேடுங்கள். செம்பனைத் தலைகளுக்கு மேலே இரண்டு வரிசையாக ராயல் பனை தெரிந்தால் அது பங்களாவுக்குப் போன பாதை. குடை மாதிரி விரிந்த கிழட்டுத் தூங்குமூஞ்சி தனியாக நின்றால் பெரும்பாலும் ஆபீஸ், இல்லையென்றால் பெரட்டுக்களம், விடியற்காலை ஐந்து மணிக்குப் பெயர் கூப்பிட்ட இடம். செம்பனைக்கு நடுவே ஒரு புளியமரம், இரண்டு முருங்கை, ஒரு வேப்பமரம் என்று நின்றால் கேள்வியே வேண்டாம், அங்கே லயம் இருந்தது. எந்தக் கம்பெனியும் முருங்கை நடாது. எங்கள் தோட்டத்தில் கடைசி லயத்தை இடித்த நாளில் நான் அங்கே இருந்தேன். புல்டோசர்காரன் காலையில் ஆரம்பித்து மத்தியானத்துக்குள் இருபது வீட்டைத் தள்ளினான். முனீஸ்வரர் இருந்த அரசமரத்துக்குப் பக்கத்தில் வந்ததும் எஞ்சினை நிறுத்தி, இறங்கி, ஒரு சிகரெட் பற்றவைத்து, மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, சாமான்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். மரம் இன்றைக்கும் நிற்கிறது. சிவப்புத் துணி யாரோ கட்டிக்கொண்டே இருக்கிறார்கள், யார் என்று எனக்கும் தெரியாது.


கிரிக்_ரோடு:

கிராணி ஐயா எழுதியதைப் படித்துவிட்டு நான் என்ன எழுதுவது. இருந்தாலும் ஜாதிப் பெரிய மரம் வேண்டும் என்றால், அண்ணே, கிரிக் தாண்டி ஜெலி போகிற கிழக்கு மேற்கு நெடுஞ்சாலைக்கு வாருங்கள். துவாலாங் மரம். இதுதான் நம் ஊர் வெல்லிங்டோனியா என்பேன், 80 மீட்டருக்கு மேலும் வளரும். கண்டுபிடிப்பது சுலபம், மற்ற மரமெல்லாம் முடிந்த இடத்தில் இது கிளையே ஆரம்பிக்கும். தண்டு வழுவழுவென்று சாம்பல் வெள்ளை, காலை வெயில் பட்டால் சுண்ணாம்பு அடித்த தூண் மாதிரி பளிச்சென்று இருக்கும். காட்டை வெட்டும்போதும் இதைப் பல இடத்தில் விட்டுவிடுவார்கள். ஒன்று, கட்டை இரும்பு மாதிரி, வாளைத் தின்றுவிடும். இரண்டு, தேன். மூன்று, அதில் இருப்பது யார் என்ற பயம், அது மலாய்க்காரருக்கும் உண்டு நமக்கும் உண்டு.

தேனீதான் உண்மையான அடையாளம். பைனாகுலர் இருந்தால் கிளைக்கு அடியில் பாருங்கள், கறுப்பாக அரை வட்டம் அரை வட்டமாகத் தொங்கும், தோசையை மடித்து மாட்டியது போல. ஒவ்வொன்றும் ஓர் ஆள் கையை விரித்த அகலத்துக்குக்கூட இருக்கும், பெரிய மலைத்தேனீ. நல்ல மரத்தில் நூறு கூடு வரைக்கும் கட்டுமாம். நான் ஒரு மரத்தில் முப்பத்தாறு எண்ணினேன், அப்புறம் ஒரு கூடு கறுப்பிலிருந்து பளபளவென்று அலை அடித்தது, தேனீக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வயிற்றைத் தூக்கிக் காட்டுகின்றன, எதிரி வந்தால் அப்படிச் செய்யுமாம். அவ்வளவு தூரத்திலிருந்தும் முதுகில் ஜில்லென்றது, காடிக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

அந்தச் சாலையில் நிறுத்தும்போது கவனம், யானை வரும். ஹைவேயில் அவசரப் பாதையில் மரம் பார்க்க நிறுத்தாதீர்கள், சம்மன் வரும், அதைவிட மோசமாக லோரி வரும். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.


தாமான்_அக்கா:

லோரி என்றதும் ஞாபகம் வந்தது. என் வீட்டுக்காரருக்கும் இந்த நோய் உண்டு. தைப்பிங் லேக் கார்டன் சாலையில் தூங்குமூஞ்சி மரங்கள் ஏரிக்குள் கையை நீட்டிக் குனிந்து நிற்குமே, அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டி, முன்னால் நின்ற மோட்டாரை இடித்து, அந்தப் பையனுக்கு விளக்கு மாற்ற 180 வெள்ளி கொடுத்தோம். அந்தப் பையன் நல்ல பிள்ளை, “அங்கிள் என்ன பார்த்தீங்க” என்று கேட்டான். மரம் என்று சொல்ல இவருக்கு வெட்கம், “தூசி விழுந்திருச்சு” என்றார். அன்றிலிருந்து எங்கள் காடியில் சட்டம், ஓட்டுகிறவர் சடக்கை மட்டும் பார்க்க வேண்டும், மரத்தைப் பக்கத்து சீட்டு பார்க்கும். நான் இப்போது அவரைவிட நன்றாகக் கண்டுபிடிக்கிறேன்.

தூங்குமூஞ்சியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள் அண்ணா. மலாய்க்காரர்கள் அதை ‘புக்குல் லிமா’ என்பார்கள், ஐந்து மணி மரம். சாயங்காலம் இலையை மூடிக்கொள்ளும், மழை இருட்டு வந்தாலும் மூடிக்கொள்ளும். நாங்கள் படித்த தமிழ்ப்பள்ளியில் கடிகாரம் நின்றுபோனால் மத்தியான வகுப்புப் பிள்ளைகளுக்கு அதுதான் கடிகாரம். அந்த மரம் இப்போது இல்லை. கிளை விழும் ஆபத்து என்று ஒரு நாள் வந்து வெட்டிவிட்டார்கள், ஒரு கிளையும் விழுந்ததில்லை, வெட்டின பிறகு அந்த இடத்தில் ஒரு காடி நிறுத்த இடம் வந்தது. யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. நீங்கள் பார்த்த மரத்தையெல்லாம் படம் எடுத்து வையுங்கள், இடத்தையும் எழுதி வையுங்கள், அவ்வளவுதான்.


லயத்துக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. இத்தனை பதில் வரும் என்று நினைக்கவில்லை. @நாற்றுமேடை தம்பி, உயரம் எப்படி அளப்பது? அங்கே மருமகன் போனைக் காட்டி அளந்தார், என் போன் அதற்குச் சரிப்படாது.


நாற்றுமேடை:

கம்பு போதும் அண்ணே. கையை நேராக நீட்டிக் கம்பைச் செங்குத்தாகப் பிடியுங்கள், பிடிக்கு மேலே உள்ள நீளம் உங்கள் கண்ணிலிருந்து கை வரைக்கும் உள்ள நீளத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். பின்னால் போய்க்கொண்டே இருங்கள். கம்பு நுனி மர உச்சியிலும் உங்கள் பிடி மரத்தின் அடியிலும் பொருந்துகிற இடத்தில் நில்லுங்கள். அங்கிருந்து மரத்துக்கு எத்தனை எட்டோ அதுதான் உயரம். தரை சமமாக இருந்தால் மட்டும் சரியாக வரும். சுற்றளவு அளப்பதாக இருந்தால் தரையிலிருந்து 1.3 மீட்டரில் நாடாவைச் சுற்றுங்கள், நெஞ்சு உயரம், பெரும்பாலான நாடுகளில் அதுதான் கணக்கு.


லயத்துக்காரன்:

போய்விட்டு வந்தேன், சனிக்கிழமை காலை. தோட்டத்து ஜாகாவிடம், அதாவது காவல்காரனிடம், கேட்டு அனுமதி வாங்கித்தான் உள்ளே போனேன், நேப்பாளத்துப் பையன், மரம் பார்க்க வந்தேன் என்று சொன்னதை அவன் கடைசி வரைக்கும் நம்பவில்லை, பின்னாலேயே வந்தான்.

பந்தயம் நாற்றுமேடைக்குத்தான். தட்டுத் தட்டாக, நடுவில் வானம். அரக்கேரியா. கொஞ்ச நேரம் மனசு சப்பென்று ஆகிவிட்டது, உண்மையைச் சொல்கிறேன். பட்டை கரடுமுரடு, தாள் தாளாகச் சுருண்டு உரிகிறது. குத்தவில்லை. சாய்வு இருக்கிற மாதிரியும் தெரிகிறது இல்லாத மாதிரியும் தெரிகிறது, ஜாகாப் பையன் ஒரு பக்கம் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு நேராக இருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னான். வீட்டில் அம்மாவின் காண்டாக் கம்பு ஒன்று பரண்மேல் கிடந்தது, அதைத்தான் கொண்டுபோனேன். இரண்டு பக்கமும் பால் வாளி தொங்கின கம்பு, நடுவில் தோள் பட்ட இடம் மட்டும் இன்னமும் வழவழப்பாக இருக்கிறது. அதை நிறுத்திப் பிடித்து மரத்தை அளந்தேன். நாற்பத்து மூன்று எட்டு, என் எட்டு இரண்டரை அடி, ஆக நூற்றேழு அடி சொச்சம். மேடு என்பதால் பத்து அடி முன்னே பின்னே இருக்கலாம்.

கிராணி ஐயா சொன்னது மனதில் இருந்ததால் பங்களாப் படியில் உட்கார்ந்து கீழே பார்த்தேன். ஏழு படி மட்டும் மிச்சம், எங்கேயும் போகாத படி. அங்கிருந்து பார்த்தால் முழுக்கச் செம்பனை, ஒரே பச்சை, முதலில் ஒன்றுமே தெரியவில்லை. அப்புறம் கண் பழகியதும், வலது பக்கம் ஆற்றோரமாக வேறு பச்சை. இறங்கிப் போனேன். புளியமரம் ஒன்று, அடியில் சிமெண்டுத் தொட்டி உடைந்து கிடக்கிறது, குழாயடி. பத்து எட்டு தள்ளி முருங்கை, நிறையக் காய்ச்சிப் பறிப்பாரில்லாமல் முற்றித் தொங்குகிறது. நான் பிறந்த தோட்டம் இது இல்லை, அது இன்னும் மூன்று மைல் உள்ளே. ஆனால் எங்கள் லயத்திலும் குழாயடிக்கும் முருங்கைக்கும் அதே பத்து எட்டுதான். காய் இரண்டு கட்டு பறித்தேன், ஒரு கட்டை ஜாகாவிடம் கொடுத்தேன். அப்போதுதான் அவன் முகத்தில் சந்தேகம் போனது, முருங்கைக்காகத்தான் வந்தேன் என்று முடிவு செய்துவிட்டான்.

வரும் வழியில் கோலகங்சார் ரப்பர் மரத்தையும் பார்த்தேன். படம் எடுக்க ஒரு பள்ளிக்கூடத்துப் பஸ் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள், நானும் நின்றேன்.

ராத்திரி பேத்தியிடம் வீடியோவில் பேசினேன். அரக்கேரியாவுக்கு அரைப் புள்ளி, ஏமாற்றிவிட்டதாம். ரப்பர் மரத்துக்குப் பத்து. துவாலாங் பார்த்தால் ஐந்து, தேன்கூடு ஒன்றுக்கு ஒன்று, அவள் அம்மா தடுத்திருக்காவிட்டால் இன்னும் கொடுத்திருப்பாள். முருங்கைக்கு எவ்வளவு என்று கேட்டேன். “அது மரமா தாத்தா? நான் சாம்பார்னு நினைச்சேன்” என்றாள்.

அடுத்த ஞாயிறு கிரிக் ரோட்டுக்குப் போகிறேன், காலை ஆறு மணிக்கு ரயில் ஸ்டேசன் பக்கத்து ஒட்டுக்கடையில் பசியாறிவிட்டுக் கிளம்பலாம். காடியில் மூன்று இடம் இருக்கிறது. நான் ஓட்டுவேன், மரம் பார்க்கமாட்டேன், அக்கா சட்டம்தான். பைனாகுலர் இருக்கிறவர்கள் முன் சீட்டு.


தாமான்_அக்கா:

நானும் அவரும் வருகிறோம். முன் சீட்டு எனக்கு. அந்த முருங்கைக்காய் மிச்சம் இருந்தால் கொண்டு வாருங்கள் அண்ணா.